செல்போனோடு இணைத்த டயல் போன்: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

லேண்ட்லைன் இணைப்பை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பல வடசென்னை வீடுகளில் அந்தப் பழைய டயல் போன் மட்டும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்தவை. 1948இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் போன்கள் கனமானவை, அடித்தால் தெருமுனை வரை கேட்பவை. இப்போது ஒரு சிறிய புளூடூத் பெட்டியை வாங்கி, செல்போனுக்கு வரும் அழைப்பை அந்த டயல் போனிலேயே எடுக்க முடிகிறது. தொடுதிரையில் விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. அதனால்தான் கேட்டவர்களுக்கெல்லாம் இணைத்துக் கொடுத்தேன். இணைத்துக் கொடுத்தவனிடமே கோளாறும் வந்து சேர்ந்தது.

வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே வகையானவை. கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் பகுதியில் பெட்டி கெட்டுப்போவது அரிது, போனின் பாகம் உடைவதும் அரிது. உள்ளே ஒன்றோடொன்று தொட்டு விலகும் சிறிய உலோகப் பட்டைகளில் உப்புக் காற்று படிந்து களிம்பு ஏறுவதுதான் முதல் காரணம். எனவே எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலிலும், செலவு வைப்பது கடைசியிலும் இருக்கும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

போனைத் திறக்கும் முன் பெட்டியிலிருந்து அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும்போது அந்த ஒயரில் கூடுதல் வோல்ட்டில் மாறுமின்சாரம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் கை உதறும் அளவுக்கு அடிக்கும். இதய நோய் உள்ளவர்கள் விளையாட்டாகக்கூடத் தொட வேண்டாம்.

சுவரில் உள்ள பழைய டெலிபோன் ரோசெட்டில் வெளிக்கம்பத்திலிருந்து வரும் ஒயர் இன்னும் இருந்தால் அதைப் பிரித்து, முனைகளில் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் பழைய ஒயரிங்கைப் பயன்படுத்தி இன்னொரு அறைக்கு இணைப்புக் கொடுக்கும் ஆசை பலருக்கு வரும். வெளி ஒயரைப் பிரிக்காமல் அதைச் செய்தால் பெட்டி வீணாகிவிடும்.

அடுத்து, ஒரு சாதாரண பட்டன் போனை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ டோன், பல்ஸ் என்று மாற்றும் சிறு சுவிட்ச் உள்ளதாக இருக்கட்டும். இந்த ஒரு போன் கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். டயல் போனைக் கழற்றி, அதே ஒயரில் பட்டன் போனை மாட்டுங்கள். பட்டன் போனிலும் அதே கோளாறு வந்தால் குற்றம் செல்போனிலோ பெட்டியிலோ இருக்கிறது. பட்டன் போன் ஒழுங்காக வேலை செய்தால் டயல் போனைத் திறக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

அறிகுறி: செல்போன் அடிக்கிறது, டயல் போன் அடிக்கவில்லை

*பட்டன் போனும் அடிக்கவில்லை என்றால்*

செல்போனின் புளூடூத் அமைப்பில் பெட்டியின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். அழைப்புகளுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என இரண்டு அனுமதிகள் இருக்கும். அழைப்புக்கான அனுமதி அணைந்திருந்தால் பெட்டி இணைந்திருப்பதாகவே காட்டும், மணி மட்டும் வராது. இணைத்திருப்பது பாட்டுக்காக என்று செல்போன் எண்ணிக்கொள்வதால் வரும் வினை இது. பாட்டுக்கான அனுமதியை அணைத்துவிட்டு அழைப்பை மட்டும் வைப்பது நல்லது. இல்லையென்றால் பேரன் பார்க்கும் வீடியோவின் சத்தம் பெட்டிக்குப் போய் மறைந்துவிடும்.

அடுத்த சந்தேகம், காதில் மாட்டும் புளூடூத் கருவியோ கைக்கடிகாரமோ அதே செல்போனோடு இணைந்திருப்பது. அதை அணைத்துவிட்டு மீண்டும் அழைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்புக்கு மணி அடிக்கவில்லை, சாதாரண அழைப்புக்கு அடிக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. பெட்டியும் செல்போனும் எந்த மாதிரி என்பதைப் பொறுத்து அது மாறும்.

*பட்டன் போன் அடிக்கிறது, டயல் போன் மட்டும் மௌனம் என்றால்*

போனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சில மாதிரிகளில் மணியின் சத்தத்தைக் குறைக்கும் சிறு சக்கரமோ நெம்புகோலோ உண்டு. எந்தக் காலத்திலோ யாரோ குழந்தை தூங்குகிறது என்று தணித்து வைத்தது அப்படியே இருக்கும்.

மூடியைத் திறந்தால் இரண்டு கிண்ணங்களும் நடுவில் ஒரு சுத்தியும் தெரியும். சுத்தியை விரலால் இரு பக்கமும் தள்ளுங்கள். தடையின்றி ஆட வேண்டும், இரு கிண்ணங்களையும் லேசாகத் தொட வேண்டும். கரப்பான் முட்டை, சிலந்தி வலை, காய்ந்த தூசி இவைதான் பெரும்பாலும் தடை. பழைய பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். கிண்ணத்தின் நடுத்துளை சற்றே ஓரமாக இருக்கும். அதனால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கிண்ணத்தைத் திருப்பினால் சுத்திக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். சத்தம் தெளிவாகும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள்.

மணி ஆடத் தயாராக இருந்தும் அடிக்கவில்லை என்றால், போனிலிருந்து வரும் ஒயர்களை எண்ணுங்கள். பேச்சுக்குத் தேவை இரண்டே ஒயர்கள். மூன்றாவது ஒயர் இருந்தால் மணியின் ஒரு முனை அதில் போயிருக்கலாம். அப்படியிருந்தால், உள்ளே உள்ள திருகு முனைகளில் அதை லைன் ஒயர் ஒன்றோடு ஒரு சிறு துண்டு ஒயரால் இணைத்தால் மணி உயிர்பெறும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மணியோடு தொடராக இருக்கும் கன்டென்சர் காய்ந்திருக்கும். உடம்பில் எழுதியிருக்கும் மதிப்பைப் பார்த்து அதே மைக்ரோஃபாரட்டில், 250 வோல்ட்டுக்குக் குறையாத பாலியெஸ்டர் கன்டென்சர் வாங்குங்கள். மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும், விலையும் சொற்பம். பழையதை வெட்டி எறியாமல் ஒரு முனையை மட்டும் பிரித்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் வையுங்கள், பின்னால் பார்ப்பவருக்குப் புரியும்.

*மணி ஒருமுறை முனகி நிற்கிறது, பெட்டியின் விளக்கு அணைந்து மீண்டும் எரிகிறது என்றால்*

அடாப்டர்தான். மணி அடிக்கும் நொடியில்தான் பெட்டிக்கு அதிக மின்சாரம் வேண்டும். பெட்டியோடு வந்த அடாப்டரை எடுத்து செல்போனுக்கு மாட்டிவிட்டு, வேறெதையோ பெட்டிக்குக் கொடுத்திருப்பார்கள். உரியதைத் திருப்பி மாட்டுங்கள். நீளமான மெல்லிய ஒயரும் இதே கோளாறைத் தரும். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று டயல் போன்களைச் சேர்த்திருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தாங்கிய பாரத்தைச் சின்னப் பெட்டி தாங்காது.

மணி 'ட்ரிங் ட்ரிங்' என்று இரட்டையாக அடிக்காமல் ஒரே நீளமாக அடிப்பதைக் கோளாறு என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. இரட்டை மணி நம் நாட்டு எக்ஸ்சேஞ்சின் தாளம். பல பெட்டிகள் அமெரிக்கத் தாளத்தோடு வருகின்றன. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பெட்டியில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிப் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு வீட்டுப் பெரியவர்களின் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே செய்யலாம்.

*மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* மின் அளவுகளைப் பார்க்கும் மல்டிமீட்டரை ஓம் அளவில் திருப்பி, மணியின் சுருளில் வைத்தால் எந்த மதிப்பும் காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. நீங்கள் பிரிக்க வேண்டாம்.

அறிகுறி: ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை

முதலில் ஜாக். பழைய போன்களுக்கு இன்றைய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாக் கிடையாது. யாரோ ஒருவர் ஒயரை வெட்டி ஒட்டியிருப்பார். பெட்டி தருவது ஜாக்கின் நடு இரண்டு கம்பிகளில்தான். ஓரக் கம்பிகளில் இணைத்திருந்தால் மௌனம்தான். டயல் போனுக்கு இரண்டில் எது எந்தப் பக்கம் என்பது முக்கியமல்ல, நடுவில் இருந்தால் போதும். ஒட்டுப் போட்ட இடத்தை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அதைப் பிரித்து, ரோசெட் பெட்டியில் திருகி இறுக்குங்கள். கடல் காற்றில் முறுக்கு ஒட்டுகள் ஓராண்டுகூட நிலைப்பதில்லை.

ஜாக் சரி என்றால் ரிசீவரை எடுத்து, பேசும் பக்கத்தில் ஊதுங்கள். ஊதிய காற்று காதில் கேட்டால் போன் உயிரோடு இருக்கிறது, பெட்டி டயல் டோன் தரவில்லை. செல்போன் இணைந்திருக்கும்போது மட்டும் டோன் தரும் பெட்டிகள் உண்டு, புளூடூத்தைப் பாருங்கள்.

ஊதுவதும் கேட்கவில்லை என்றால், ரிசீவர் உட்காரும் பொத்தான்களை மெதுவாகப் பலமுறை அழுத்தி விடுங்கள். இடையில் எப்போதாவது 'டக்' என்று கேட்டு டோன் வந்து போனால் ஹூக் சுவிட்சின் பட்டைகளில் களிம்பு. இதைத் துடைக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்ற இடங்களிலும் இதேதான். திருமணப் பத்திரிகை அட்டை போன்ற வழவழப்பான கெட்டிக் காகிதத்தை மெல்லிய நீளத் துண்டாக வெட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் முனையை நனையுங்கள். பட்டைகளுக்கு நடுவே நுழைத்து, பட்டைகளை விரலால் லேசாகச் சேர்த்துப் பிடித்தபடி காகிதத்தை இழுங்கள். காகிதத்தில் பச்சையோ கறுப்போ வருவது நின்றதும் உலர்ந்த காகிதத்தால் ஒருமுறை இழுத்து முடியுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தொடும் முனைகளில் உள்ள நல்ல உலோகப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் மீண்டும் களிம்பு ஏறும். பட்டைகளை வளைத்து நெருக்குவதும் வேண்டாம்.

டயல் சுழலும்போது காதில் 'டக் டக்' சத்தம் இடிக்காமல் இருக்க, டயலுக்குள் ஒரு தொடர்பு ரிசீவரின் காதுப் பகுதியைத் தற்காலிகமாக அடைக்கும். டயல் முழுவதும் திரும்பி வராமல் ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டால் அந்த அடைப்பு விலகாது, காதில் மௌனம்தான். டயலை விரலால் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். டோன் வந்துவிட்டால் குறை டயலில் இருக்கிறது.

*மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* போனைப் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டு லைன் ஒயர்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ரிசீவரை எடுத்தால் சில நூறு ஓம்களுக்குள் ஏதாவது காட்ட வேண்டும். துடைத்த பின்னும் எதுவும் காட்டவில்லை என்றால் உள் ஒயரிங் அறுந்திருக்கிறது.

அறிகுறி: டயல் டோன் கேட்கிறது, சுழற்றினாலும் டோன் நிற்கவில்லை

பட்டன் போனின் சுவிட்சைப் பல்ஸ் பக்கம் தள்ளிவிட்டு ஒரு எண்ணை அழுத்துங்கள். அதுவும் டயல் போன் மாதிரியே 'டக் டக்' என்று துடிப்பு அனுப்பும். அப்போதும் டோன் நிற்கவில்லை என்றால் உங்கள் பெட்டிக்குத் துடிப்பு புரியாது. வாங்கும்போது டயல் போனுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மாற்ற முடியாவிட்டால் துடிப்பைப் பட்டன் ஒலியாக மாற்றும் சிறு கருவி தனியாக உண்டு. அதைப் போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டலாம். ஃபைபர் இணைய மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையில் மாட்டியவர்களுக்கும் இதே பதில்தான். அந்த மோடங்களில் பலவற்றுக்குப் பட்டன் ஒலி மட்டுமே தெரியும், மணி அடிக்கும், அழைப்பு எடுக்கலாம், டயல் மட்டும் செய்ய முடியாது.

பல்ஸில் வைத்த பட்டன் போன் சரியாக அழைத்தது என்றால், டயலின் பின்புறத் துடிப்புத் தொடர்பு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன காகிதத் துண்டுதான் மருந்து.

அறிகுறி: அழைப்பு போகிறது, வேறு யாரோ எடுக்கிறார்கள்

என்னிடம் வரும் கோளாறுகளில் இதுதான் அதிகம், ஆளை அதிகம் கலங்கடிப்பதும் இதுதான். நல்ல வேளையாக, லேண்ட்லைன் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. நீங்கள் சுழற்றிய எண் எப்படிப் போனது என்பது செல்போனின் அழைப்புப் பட்டியலில் அப்படியே பதிவாகியிருக்கும். வீட்டில் உள்ள இன்னொரு செல்போனின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு சுழற்றுங்கள். பிறகு பட்டியலில் உள்ளதை அதன் கீழே எழுதுங்கள். இரண்டையும் பார்த்தாலே எங்கே குறை என்று தெரிந்துவிடும். அவசர எண்களான 112, 100 ஆகியவற்றைச் சோதனைக்குச் சுழற்றவே கூடாது.

ஒன்றைச் சுழற்றினால் ஒரு துடிப்பு, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. நம் நாட்டுச் செல்போன் எண்கள் எல்லாம் 6, 7, 8, 9 இவற்றில் தொடங்குவதால் டயலுக்கு உழைப்பு அதிகம். சின்ன எண்களில் தெரியாத குறை இங்கே அம்பலமாகிவிடும்.

*எண்கள் ஒன்று குறைந்து போகின்றன என்றால்* (9 என்பது 8, 8 என்பது 7)

துடிப்பு ஒன்று தொலைகிறது. துடிப்புத் தொடர்பில் களிம்பு என்பதே முதல் சந்தேகம். துடையுங்கள்.

*பெரிய எண்கள் மட்டும் தவறுகின்றன, 1, 2, 3 சரியாகப் போகின்றன என்றால்*

டயலின் வேகம் மாறியிருக்கிறது. நொடிக்குப் பத்துத் துடிப்பு என்பது கணக்கு. பூஜ்யத்தைச் சுழற்றி விரலை எடுத்தால் டயல் ஏறக்குறைய ஒரு நொடியில் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு செல்போனில் வீடியோ எடுத்து நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை நொடியைத் தாண்டினால் மந்தம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட எண்ணெய் இப்போது பிசினாக இருக்கிறது. டயலைக் கழற்றி, பின்னால் சுழலும் சிறு வேகக்கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் அச்சில் தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். துடிப்புத் தொடர்பின் மேல் ஒரு துளிகூட விழக்கூடாது. வீட்டில் இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயை விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது பழைய பிசினைக் கரைத்துத் தொடர்புகளின் மேல் பரப்பிவிடும்.

*ஒரு எண் இரண்டாகப் பிரிந்து போகிறது என்றால்* (9 என்பது 4, 5 என்று)

டயல் பாதி வழியில் தயங்குகிறது. திரும்பும்போது காதை அருகே வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான 'ர்ர்ர்' சத்தம் வர வேண்டும். நடுவில் இழுத்தால் பல்சக்கரத்தில் அழுக்கு. விரலால் டயலைத் திருப்பித் தள்ளும் பழக்கமும் இதே பிழையைத் தரும். பட்டனில் பழகிய பிள்ளைகள் பொறுமையின்றி இதைச் செய்கிறார்கள். சுழற்றிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும், திரும்புவது டயலின் வேலை.

*இரண்டு எண்கள் சேர்ந்து ஒன்றாகப் போகின்றன என்றால்* (1, 2 என்பது 3)

டயல் நின்றதும் அவசரமாக அடுத்த எண்ணுக்கு இழுக்கிறீர்கள். அரை நொடி விடுங்கள்.

*ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் தவறினால்* தொடர்பு மொத்தமாக அழுக்கு, அல்லது ரிசீவர் ஒயர் டயலின் அடியில் உரசுகிறது.

*மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* துடைத்து எண்ணெய் வைத்த பின்னும் வேகம் சீராகவில்லை என்றால், டயலின் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. டயலைப் பிரிக்க வேண்டாம், அந்த வில் ஒருமுறை தெறித்துவிட்டால் மீண்டும் ஏற்றுவது எல்லாராலும் ஆகாது. கைக்கடிகாரமும் சுவர்க்கடிகாரமும் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் டயலை மட்டும் கழற்றிக் கொடுங்கள். நல்ல கடிகாரக்காரர் இந்த வேலையை போன் மெக்கானிக்கைவிட நேர்த்தியாகச் செய்கிறார் என்பது என் எண்ணம்.

அறிகுறி: எண் முடிவதற்குள் பெட்டி தானே அழைத்துவிடுகிறது

கடைசி எண்ணுக்குப் பிறகு சில நொடி அமைதி இருந்தால், எண் முடிந்துவிட்டது என்று பெட்டி முடிவு செய்யும். டைரியைப் பார்த்துப் பார்த்துச் சுழற்றும் பெரியவர்களுக்கு இந்த அவகாசம் போதாது. பெட்டியில் நேரத்தைக் கூட்டும் அமைப்பு இருந்தால் கூட்டுங்கள். இல்லையென்றால் அடிக்கடி அழைக்கும் எண்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி போனின் பக்கத்தில் வையுங்கள்.

'1-ஐ அழுத்தவும்' என்று வங்கியோ எரிவாயு நிறுவனமோ சொல்லும்போது டயலைச் சுழற்றிப் பயனில்லாத இடங்களும் உண்டு. செல்போனை எடுத்து அதன் எண்பலகையில் அழுத்துங்கள், பேச்சை டயல் போனிலேயே தொடரலாம். அவசர உதவி தேவைப்படும் நேரத்திலும் நேராகச் செல்போனையே எடுக்க வேண்டும். இதை வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: அவர்கள் பேசுவது கேட்கிறது, நம் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை

பழைய ரிசீவரின் பேசும் பக்கத்தில் இருப்பது கரித்தூள் நிரப்பிய மைக். ஈரத்திலும் நெடுநாள் அசையாமல் இருப்பதாலும் தூள் கட்டிப்படும். ரிசீவரை உள்ளங்கையில் பக்கவாட்டில் நாலைந்து முறை தட்டிவிட்டுப் பேசிப் பாருங்கள். கரகரப்பு குறைந்து குரல் தெளிந்தால் காரணம் அதுதான். பிறகு வாய்ப்பக்க மூடியைத் திருகித் திறந்து, மைக்கை வெளியே எடுத்து, அதன் பின்புறத் தொடுமுனைகளையும் அதைத் தாங்கும் வில்பட்டைகளையும் துடையுங்கள். மைக்கை வெயிலில் காயவைப்பார்கள் சிலர். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வைத்தால் போதும்.

தட்டினால் சரியாகி, மறுநாள் மீண்டும் மங்கினால் மைக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் கொடுத்த அளவு மின்னோட்டத்தைப் புளூடூத் பெட்டி கொடுப்பதில்லை, அதனால் சுமாரான கரித்தூள் மைக்கும் இதில் மங்கலாகத்தான் பேசும். அதே அளவில் செய்த மின்னணு மைக் மாற்றாகக் கிடைக்கிறது, உள்ளே எதையும் வெட்டாமல் பொருத்தலாம். அதற்கு முன் காயலான் கடைகளில் உடைந்த டயல் போன் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதன் மைக் நன்றாக இருக்க வாய்ப்புண்டு, செலவும் குறைவு.

சுருட்டை ஒயரை அங்கங்கே வளைத்துக்கொண்டே பேசிப் பாருங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் மைக்கில் குறையில்லை, ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது.

அறிகுறி: எதிரொலி, உறுமல், இரைச்சல்

மறுமுனையில் இருப்பவர் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போனில் அழைப்பின் சத்தத்தை இரண்டு படி குறைக்கச் சொல்லுங்கள். தொண்ணூறு சதவீதம் அங்கேயே தீரும்.

தொடர்ந்து 'உம்ம்' என்று உறுமல் வந்தால் பெட்டியை வேறு பிளக்கில் மாட்டுங்கள், போன் ஒயர் மின்சார ஒயரோடு ஒட்டிப் போகாமல் விலக்குங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட்டை அணைத்துவிட்டும் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: பேசும்போதே அறுந்து போகிறது

செல்போனின் மின்சேமிப்பு அமைப்பு, தூரம், சுவர், இந்த வரிசையில் பாருங்கள். புளூடூத் பத்து மீட்டர் என்பது வெட்டவெளிக் கணக்கு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் கெட்டிச் சுவர் வீடுகளில் ஒரு சுவர் தாண்டினாலே திணறும். செல்போனைப் பெட்டி இருக்கும் அறையிலேயே சார்ஜரில் வைப்பதுதான் நல்ல ஏற்பாடு. இரும்பு பீரோவின் மேலோ, வைஃபை மோடத்தை ஒட்டியோ பெட்டியை வைக்காதீர்கள்.

புளூடூத் இல்லாமல் சிம் கார்டு போடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சிக்னலே வரவில்லை என்றால் சிம்மைப் பாருங்கள். பழைய பெட்டிகள் 2ஜி மட்டுமே அறியும். ஜியோ போன்ற 4ஜி நிறுவனத்தின் சிம் அதில் எந்நாளும் பேசாது.

அறிகுறி: ரிசீவரை வைத்த பிறகும் அழைப்பு துண்டிக்கவில்லை

அழைப்பவர்களுக்கு எங்கேஜ் கேட்கலாம், பெட்டியின் விளக்கும் அணையாமல் இருக்கலாம். ரிசீவர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பொத்தான்கள் முழுவதும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். பொத்தானின் குழியில் பிசுக்கு இருந்தால் சிக்கும். அது சரியென்றால் போனைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். ரிசீவர் வைத்த நிலையில் முள் ஒருமுறை துள்ளிவிட்டு எதுவும் காட்டாமல் நிற்க வேண்டும். தொடர்ந்து ஏதாவது காட்டினால் கன்டென்சர் கசிகிறது, மாற்றியாக வேண்டும்.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கோளாறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஒரே நேரத்தில் போன்கள் கரகரக்கத் தொடங்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காய்ந்திருந்தபோது தெரியாத களிம்பு அப்போது மின்சாரத்தைக் கசியவிடும். மழைக்கு முன்பே, புரட்டாசியில் ஒரு மாலையை ஒதுக்கி ஹூக் சுவிட்ச், டயல் தொடர்பு, மைக் முனைகள் மூன்றையும் துடைத்துவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் தொல்லை இராது. துடைத்த பின் மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை, மணியின் சுத்தியில் படாத மூலையில் வையுங்கள். போனைக் கடல் பார்த்த ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவதும் பெரிய மாற்றம் தரும்.

வெள்ளநீர் புகுந்து நனைந்த போனை உடனே பெட்டியில் மாட்டக்கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து நிழலில் பல நாள் உலரவிட்டு, மெக்கானிக்கிடம் கொடுங்கள். எரிந்த வாசனை வந்த போனுக்கும் பெட்டிக்கும் இதே விதி, சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

மெக்கானிக் என்று நான் சொல்வது தொலைபேசித் துறையில் கருவி பழுது பார்த்து ஓய்வுபெற்றவர்களை. அவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். கொடுக்கும்போது கோளாறு என்ன, பட்டன் போன் சோதனையில் என்ன தெரிந்தது, அழைப்புப் பட்டியலில் எண்கள் எப்படி மாறின என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், அவருடைய வேலை பாதியாகும். டயலையும் மணியையும் எடுத்துவிட்டு உள்ளே பட்டன் போனின் சர்க்யூட்டை வைத்துத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டுப் போனின் அடியிலேயே ஒட்டி வையுங்கள்.